எட்மண்ட் வாங்காத போன்கள்

மெட்டில்டாவின் கணவர் எட்மண்ட், இறந்து எட்டு மாதம் கழித்து, வடக்கே ஏதோ ஓர் ஊரில் விலை உயர்ந்த செல்போன்கள் இரண்டு வாங்கினார் என்று வங்கி சொன்னது. வாங்கியதற்குப் பணம் கட்டவில்லை என்றும் சொன்னது. கட்டாத பணத்துக்கு வட்டி போட்டு, வட்டி கட்டாததற்கு அபராதம் போட்டு, அபராதத்துக்கும் வரி போட்டு, கடைசியில் இரண்டு லட்சத்துக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தியது.

மெட்டில்டா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர் பி.டி. மிஸ். ஐம்பதை நெருங்கும் வயது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், மதில் சுவருக்கு வெளியே இளநீர் வெட்டிக்கொண்டிருப்பவரும் அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். கோபக்காரி என்று பள்ளியில் பெயர். ஆனால் அவருடைய கோபம் ஒரு பீரியடுக்கு மேல் நீடித்ததில்லை. காலையில் திட்டு வாங்கிய பிள்ளை மதியம் அவர் டிபன் பாக்ஸிலிருந்தே வாங்கிச் சாப்பிடும்.

எட்மண்ட் அவருக்கு நேர் எதிர். பல்லாவரத்தில் தோல் பொருட்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசமாட்டார். கடன் என்றால் பயம். மாடம்பாக்கத்தில் வீடு கட்டும்போது மாடிக்குக் கடன் வாங்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தூண் கம்பிகள் மொட்டை மாடியில் வருடக்கணக்கில் துருப்பிடித்து நின்றன, அவர் பணம் சேர்த்த பிறகுதான் மாடி எழும்பியது. சம்பளக் கணக்கு இருந்த வங்கி தானாகவே ஒரு கிரெடிட் கார்டு அனுப்பி வைத்தது. வண்டிக்குப் பெட்ரோல் போடவும், மகள் ஜோவிதாவின் காலேஜ் பீஸ் ஒருமுறை கட்டவும் அதைப் பயன்படுத்தினார். பில் வந்த அன்றே கட்டிவிடுவார். கெடு தேதி வரைக்கும் காத்திருப்பதுகூட அவருக்குக் கடனாகத்தான் பட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ரோஜாச் செடி ஒன்று வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் மெட்டில்டா இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனார். கணக்கிலிருந்த பணம் வாரிசுதாரரான அவர் பெயருக்கு மாறியது. கார்டையும் கொண்டுபோயிருந்தார். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் கத்தரிக்கோல் எடுத்து அவர் கண்ணெதிரே அதை இரண்டாக வெட்டினாள். இதற்கு ரசீது ஏதாவது உண்டா என்று மெட்டில்டா கேட்டார். சிஸ்டத்தில் போட்டாயிற்று, இனி ஒன்றும் வராது, கவலைப்படாமல் போங்கள் என்றாள் அவள். எட்மண்டின் செல்போன் எண்ணுக்கு அதன்பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. சில மாதங்களில் அது செத்துப்போனது.

முதல் அழைப்பு வந்தபோது மெட்டில்டா மைதானத்தில் கோ-கோ அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எட்மண்ட் சார்கிட்ட பேச முடியுமா மேம்?" என்றது ஒரு பெண் குரல்.

"அவர் இறந்துட்டாரும்மா."

"ஓ, சாரி மேம்." மூச்சு விடும் நேரம்தான் இடைவெளி. "அப்ப பேமென்ட் எப்ப எதிர்பார்க்கலாம் மேம்?"

எந்த பேமென்ட் என்று கேட்டபோதுதான் எட்மண்டின் கார்டில் வாங்கிய அந்த இரண்டு போன்களைப் பற்றி மெட்டில்டாவுக்குத் தெரியவந்தது. வாங்கிய தேதியை அந்தப் பெண்ணே சொன்னாள். அந்தத் தேதியில் எட்மண்ட் கல்லறையில் இருந்தார் என்று மெட்டில்டா சொன்னார். அப்படியா மேம், அதை நீங்கள் வங்கியில்தான் சொல்ல வேண்டும், பேமென்ட்டுக்கு மட்டும் ஒரு தேதி கொடுங்கள் என்றாள் அவள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனார். கார்டை வெட்டிய பெண் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கணக்கு முடிந்தது பதிவாகியிருக்கிறது, கார்டு முடிந்தது பதிவாகவில்லை என்றார். கார்டு விவகாரமெல்லாம் மும்பையில் தனிப் பிரிவு, இந்தக் கிளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஓடிபி கரெக்டா போட்டுத்தான் வாங்கியிருக்காங்க மேடம். ஓடிபி கஸ்டமர் போனுக்கு மட்டும்தான் போகும். அதனால இது கஸ்டமரோட பொறுப்புன்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும்."

"கஸ்டமர் கல்லறையில இருக்கார் சார். அங்க படுத்துக்கிட்டு ஓடிபி பார்த்துச் சொன்னாரா?"

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். மேனேஜர் சங்கடத்தோடு, குரலை உயர்த்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"நான் உயர்த்தவே இல்ல சார். இது என் சாதாரணக் குரல்."

ஜோவிதாவுக்கு மேடவாக்கம் தாண்டி ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அவள்தான் விசாரித்து ஓரளவு புரிய வைத்தாள். உபயோகத்தில் இல்லாத போன் எண்ணைக் கம்பெனி எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அப்பாவின் எண் அப்படி எவனிடமோ போயிருக்கலாம். கார்டு விவரமும் எங்கிருந்தோ கசிந்திருக்கலாம். ஒன்றும் நிச்சயமில்லை. ஆனால் சொன்ன அன்றே கார்டை மூடியிருந்தால் எவனாலும் எதுவும் செய்திருக்க முடியாது. இது மட்டும் நிச்சயம். தாயும் மகளும் சான்றிதழை இணைத்து மும்பைக்கு மெயில் அனுப்பினார்கள். உங்கள் குறை எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் பதில் போட்டது. அதற்குப் பிறகு மனிதர் யாரும் பதில் போடவில்லை.

அதற்குள் கடனை வசூல் செய்யும் வேலை ஓர் ஏஜென்சிக்குப் போய்விட்டது. பெண் குரல்கள் நின்று ஆண் குரல்கள் வர ஆரம்பித்தன. முதலில் அக்கா என்றார்கள், பிறகு மேடம் என்றார்கள், பிறகு அதுவும் இல்லாமல் பேசினார்கள். புருஷன் சம்பாதித்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயே, புருஷன் வாங்கிய கடன் மட்டும் கசக்கிறதா என்று ஒருவன் கேட்டான். வகுப்பு நடக்கும்போது போன் வரும், பூசை நடக்கும்போது வரும். ஒரு எண்ணை பிளாக் செய்தால் இன்னொரு எண்ணிலிருந்து வரும். மெட்டில்டா ஒவ்வொருவனிடமும் முதலிலிருந்து கதையைச் சொன்னார். ஒருவனிடம் சொன்னது அடுத்தவனுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. தன் கணவர் செத்துவிட்டார் என்பதை ஒரே நாளில் ஐந்தாறு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் அந்த ஸ்டேஷன் படிக்கட்டு கண்முன் வந்தது. இவர்கள் பணம் கேட்பதைவிட, எட்மண்டைத் தினமும் தன் வாயாலேயே சாகடிக்க வைக்கிறார்களே என்பதில்தான் அவருக்கு ஆத்திரம் மூண்டது.

பிறகு மற்றவர்களுக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். எட்மண்டின் பழைய கம்பெனிக்குப் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்குப் பேசினார்கள். எட்மண்டின் தம்பி மெர்வினுக்குப் பேசினார்கள். ஒரு நாள் காலை பள்ளி ஆபீசுக்குப் பேசி, உங்கள் ஸ்கூல் டீச்சர் ஒருத்தி பேங்கை ஏமாற்றிவிட்டுத் திரிகிறாள் என்றார்கள்.

தலைமை ஆசிரியை சாராள் மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உங்களை எனக்குத் தெரியாதா என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் பெற்றோர் காதில் விழுந்தால் பள்ளியின் பேர் என்ன ஆகும் என்றார். சீக்கிரம் வெளியில் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார். அதுவரைக்கும் காலை அசெம்பிளியில் முன்னால் நிற்க வேண்டாம், பிள்ளைகளை வேறொருவர் வரிசையில் நிறுத்தட்டும் என்றார்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அசெம்பிளியை நடத்தியவர் மெட்டில்டாதான். அவர் வெளியே வந்தார். பந்துகளும் வலைகளும் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் போய், உயரம் தாண்டும் மெத்தைமேல் உட்கார்ந்து அழுதார். துக்கமாக இருந்தால் யார் தோளிலாவது சாய்ந்து அழுதிருப்பார். இது கோபம். இதை எங்கே சாய்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்வின் வந்தார். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர், நல்ல மனிதர்தான். பாதிப் பணத்தைத் தான் போடுவதாகச் சொன்னார்.

"மானம் போகுது அண்ணி. ஏஜென்சிக்காரன் செட்டில்மென்ட்னு குறைச்சுத் தரேங்கறான். கட்டி விட்டுட்டு நிம்மதியா இருங்க."

"கட்டுனா என்ன அர்த்தம் மெர்வின்? உங்க அண்ணன் வாங்குனார்னு அர்த்தம். பேப்பர்ல அப்படித்தான் இருக்கும். ஒருத்தர்கிட்டயும் பத்து ரூபா பாக்கி வைக்காத மனுஷன், செத்த பிறகு ரெண்டு போன் வாங்கிட்டு ஓடிப்போனார்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

மெர்வின் டீயைக் குடிக்காமலே போனார்.

ஏஜென்சியின் ஆள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். முப்பது வயதுக்குள் இருக்கும், கதிரேசன் என்று பெயர் சொன்னான். தெருவுக்கே கேட்கிற மாதிரி பைக்கை முறுக்கி நிறுத்தி, கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றே கூப்பிட்டான். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அவன் அதற்காகத்தான் அப்படிக் கூப்பிட்டான் என்று மெட்டில்டாவுக்குப் புரிந்தது.

"எட்மண்ட் கீறாரா? அவர்கிட்டதான் பேசணும். அவர் வர வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

மெட்டில்டா அவனை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கதவைப் பூட்டினார்.

"எட்மண்டைத்தானே பார்க்கணும்? என் பின்னாடியே வாங்க, காட்டுறேன்."

அவன் கொஞ்சம் குழம்பினாலும் பின்னாலேயே வந்தான். எங்கோ ஒளித்து வைத்திருக்கும் ஆளைப் பிடிக்கப்போகிறோம் என்ற நினைப்பு அவனுக்கு இருந்திருக்க வேண்டும். வேளச்சேரி சாலையில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே முன்னால் ஸ்கூட்டரும் பின்னால் பைக்குமாகப் போய், ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி, பல்லாவரம் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மெட்டில்டா நிறுத்தினார். கதிரேசன் காலை ஊன்றிக்கொண்டு பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வாங்க."

"இன்னா மேடம் இது, விளையாடுறீங்களா?"

"வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டீங்க இல்ல? வாங்க. இங்க வந்து போடுங்க."

மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரல் அது. அவன் இறங்கி வந்தான். எட்மண்டின் கல்லறை புதிது, கறுப்புக் கிரானைட். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தன. மெட்டில்டா ஒதுங்கி நின்றுகொண்டார்.

"இவர்தான் எட்மண்ட். பேசணும்னீங்களே, பேசுங்க. போன் எங்க வெச்சிருக்கார்னு கேளுங்க."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கல்லில் இருந்த தேதியைப் படித்தான். பிறகு தணிந்த குரலில், செத்துவிட்டார் என்று எங்களுக்குக் கொடுத்த விவரத்தில் இல்லை என்றான். நூறு முறை சொல்லியிருக்கிறேன் என்றார் மெட்டில்டா. எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவார்கள் என்றான் அவன். உயிரோடு இருப்பவர்களே போனை எடுத்து, அந்த ஆள் செத்துவிட்டார் என்று தங்களைப் பற்றியே சொல்கிறார்கள் என்றான். அது பொய்யில்லை என்று முகத்தில் தெரிந்தது. மெட்டில்டாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

உன் மேலதிகாரிக்குப் பேசு, ஸ்பீக்கரில் போடு என்றார். அவன் பேசினான். மறுமுனையில் இருந்தவர் பாதி கேட்டுவிட்டு, சரி சரி, லொகேஷனோடு போட்டோ எடுத்து அப்லோடு பண்ணிவிட்டு அடுத்த கேஸுக்குப் போ என்றார். கதிரேசன் கல்லறையைப் போட்டோ எடுத்தான். ஏஜென்சியின் செயலியில், போய்ப் பார்த்த ஆளைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் போட்டோ ஏறும். கட்ட ஒப்புக்கொண்டார், கட்ட மறுத்தார், வீடு பூட்டியிருந்தது, இடம் மாறிவிட்டார். இந்த நான்குதான் இருந்தன. இறந்தார் என்று ஒன்று இல்லை. அவன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, இடம் மாறிவிட்டார் என்பதை அழுத்தினான். மெட்டில்டா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டீங்க?"

"வேற ஆப்ஷன் இல்ல மேடம். நான் இன்னா பண்ணட்டும்? ஒரு நாளைக்கு இத்தினி விசிட்டுன்னு கணக்கு கீது. இது போடலன்னா என் சம்பளத்துல புடிப்பான்."

அவனை அடித்துவிடலாம் போல இருந்தது. அடித்தாலும் அடிபடுவது வேறு யாரோ என்றும் தெரிந்தது. மும்பையில் இருப்பவனை அடிக்க முடியாது, சிஸ்டத்தை அடிக்க முடியாது. மெட்டில்டா அவனைப் போகச் சொன்னார். இன்னொரு முறை என் தெருவில் வந்து கத்தினால் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற விதி உனக்குப் பொருந்தாது என்றும் சொன்னார். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு அவன் வரவில்லை. வேறு ஒருவன் வந்தான். எட்மண்டின் புது முகவரி என்ன என்று கேட்டான்.

அன்று ஜோவிதா அம்மாவை உட்கார வைத்து, இனி மும்பைக்கு மெயில் போட்டுப் பிரயோஜனமில்லை என்றாள். மேலே மேலே எழுதினார்கள். வங்கியின் குறைதீர்க்கும் அதிகாரி, அவருக்கும் மேலுள்ள அதிகாரி என்று விடாமல் எழுதினார்கள். மிரட்டிய குரல்களைப் பதிவு செய்து அனுப்பினார்கள். மூன்றாவது படியில் பதில் வந்தது. வாடிக்கையாளர் குடும்பத்தின் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, நல்லெண்ண அடிப்படையில், நிலுவைத் தொகை முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது.

ஜோவிதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மெர்வின் போனில் ஸ்தோத்திரம் சொன்னார். மெட்டில்டா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எட்மண்ட் போன பிறகு வந்த அந்த ஒன்றரை வருடத்தில் அவருக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"யார் நல்லெண்ணம்? யாருக்குத் தள்ளுபடி? கடன் இருந்தாத்தானே தள்ளுபடி பண்ணணும்? இவங்க பிச்சை போட்ட மாதிரியும் நான் ஏந்திக்கிட்ட மாதிரியும் எழுதியிருக்காங்க."

"அம்மா, முடிஞ்சுபோச்சும்மா. விடு."

"உங்கப்பாவுக்கு முடியல."

செங்கல்பட்டு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீல் வைக்கவில்லை. தானே பேசலாம் என்று கேள்விப்பட்டதும் தானே பேசுகிறேன் என்றார். வாய்தா நாட்களில் தாம்பரத்தில் ரயிலேறிப் போவார். வங்கியின் வக்கீல் ஒருமுறை கால அவகாசம் கேட்டார், ஒருமுறை ஜூனியரை அனுப்பினார், ஒருமுறை யாருமே வரவில்லை. ஒவ்வொரு முறையும் மெட்டில்டாவுக்கு ஒரு நாள் லீவு போனது. ரயிலில் திரும்பி வரும்போது, இதை எதற்குச் செய்கிறோம் என்று சில நாள் தோன்றும். வீட்டுக்கு வந்து எட்மண்டின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றும்போது மறுபடி கோபம் வந்துவிடும். அதுதான் தன்னைத் தாங்கி நிறுத்தியது என்று பின்னால் அவரே சொல்வார்.

கடைசியில் வாதம் நடந்தது. கார்டை ஒப்படைத்ததற்கு இவரிடம் அத்தாட்சி இல்லை என்றார் வங்கி வக்கீல். மெட்டில்டாவும் இல்லை என்றார். கேட்டேன், தேவையில்லை என்றார்கள், நம்பி வந்தேன் என்றார். வழக்கைக் கேட்ட நீதிமன்ற உறுப்பினர் வங்கி வக்கீலிடம், இறந்த தேதியை மறுக்கிறீர்களா என்றார். இல்லை என்றார் வக்கீல். போன்கள் வாங்கிய தேதியை மறுக்கிறீர்களா என்றார். அதுவும் இல்லை. அப்படியானால் இறந்தவர் வாங்கினார் என்கிறீர்களா என்றார். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.

தீர்ப்பு மெட்டில்டாவுக்குச் சாதகமாக வந்தது. மனவேதனைக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை எதிர்த்து வங்கி மேல்முறையீடு செய்திருக்கிறது, அது இன்னும் நடக்கிறது. ஆனால் இன்னொன்றையும் தீர்ப்பு சொல்லியிருந்தது. எட்மண்ட் என்பவர் வங்கிக்கு எந்தக் கடனும் வைக்கவில்லை, தவறு வங்கியுடையது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்து அவர்கள் போகவில்லை. வங்கியின் முத்திரையோடு கடிதம் வந்தது. அதில் நல்லெண்ணம் என்ற சொல் இல்லை.

மெட்டில்டா அதைக் கற்றையாக ஜெராக்ஸ் எடுத்தார். ஏஜென்சிக்காரர்கள் யார் யாருக்கெல்லாம் போன் செய்தார்களோ அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார். எட்மண்டின் பழைய கம்பெனியில் கொடுத்தார். எதிர்வீட்டில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பிறகு படிக்கிறேன் என்றவர்களிடம், இப்போதே படியுங்கள், நிற்கிறேன் என்றார். படித்து முடிக்கும்வரை நின்றார். மெர்வின் படித்துவிட்டு அழுதார். அவரிடம் மட்டும் மெட்டில்டா உட்கார்ந்து டீ குடித்தார்.

கடைசியாகப் பள்ளி. சாராள் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கு மிஸ்? நாங்க அப்பவே அதை நம்பலையே."

"நம்பலன்னா ஏன் மேடம் என்னை அசெம்பிளியில நிக்க வேணாம்னீங்க?"

சாராள் மேடம் தலை குனிந்தார். நாளையிலிருந்து அசெம்பிளியில் பிள்ளைகளை நீங்களே நிறுத்துங்கள் என்றார். மெட்டில்டா நன்றி சொல்லவில்லை. தனக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பவருக்கு எதற்கு நன்றி என்று நினைத்தார். வெளியே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசை கலைந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வெயிலில் இறங்கி மைதானத்துக்கு நடந்தார்.